இந்தியத் தூதராக வேண்டுமா? விண்ணப்பம் முதல் நியமனப் பத்திரம் வரை

தூதர் பதவிக்கென்று தனி விண்ணப்பம் எதுவும் கிடையாது. வெளிநாடுகளில் இருக்கும் இந்தியத் தூதர்களில் மிகப் பெரும்பாலோர் இந்திய வெளியுறவுப் பணி அதிகாரிகள், அதாவது ஐ.எஃப்.எஸ்.காரர்கள். கடைநிலைச் செயலாளராகச் சேர்ந்து படிப்படியாக ஏறி வந்தவர்கள். அரசியல் தலைவர்களையும் ஓய்வுபெற்ற அதிகாரிகளையும் அரசு நேரடியாகத் தூதராக அனுப்புவதுண்டு. ஆனால் அது கேட்டு வாங்குகிற பதவி அல்ல. உங்களுக்குத் திறந்திருக்கும் பெரிய வாசல் யூ.பி.எஸ்.சி., அதாவது மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம், நடத்தும் குடிமைப் பணித் தேர்வுதான்.

எத்தனை ஆண்டு ஆகும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள். எஸ். ஜெய்சங்கர் 1977-ல் பணியில் சேர்ந்தார். முதன்முறை தூதரானது 2001-ல், செக் குடியரசுக்கு. நிருபமா ராவ் 1973-ல் சேர்ந்தார். பெரு நாட்டுக்குத் தூதராகப் போனது 1995-ல். ஆக, இருபதாண்டுக்கு மேற்பட்ட பயணம். இதில் படித்துத் தேற வேண்டிய பகுதிக்கு வழிகாட்ட நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆவணங்கள், தேதிகள், விதிகள் விஷயத்தில் சறுக்குபவர்களுக்குத்தான் சொல்லித்தர ஆளில்லை. இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

1. முதலில் வயதையும் வாய்ப்பையும் கணக்குப் போடுங்கள்

இந்தியக் குடியுரிமை வேண்டும். ஏதாவது ஒரு பட்டம் போதும். இறுதியாண்டு படிப்பவரும் எழுதலாம். தேர்வு நடக்கும் ஆண்டின் ஆகஸ்ட் 1 அன்று 21 வயது நிறைந்திருக்க வேண்டும், 32 நிறைந்திருக்கக் கூடாது. ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) பிரிவினருக்கு 3 ஆண்டு, எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 5 ஆண்டு தளர்வு. பொதுப் பிரிவுக்கு 6 முறை, ஓ.பி.சி.க்கு 9 முறை. எஸ்.சி., எஸ்.டி.க்கு வயது இருக்கும்வரை எத்தனை முறையும் எழுதலாம்.

விண்ணப்பித்துவிட்டுத் தேர்வுக்கே போகாமல் இருந்தால் வாய்ப்பு கழியாது. முதல்நிலைத் தேர்வின் ஒரே ஒரு தாளுக்கு உட்கார்ந்து எழுந்து வந்தாலும் ஒரு வாய்ப்பு போயிற்று. “சும்மா எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம்” என்று கல்லூரி முடித்த கையோடு போய் எழுதுவதில் இரண்டு வாய்ப்புகளைத் தொலைப்பவர்கள் அதிகம். வீட்டிலேயே பழைய வினாத்தாளைக் கடிகாரம் வைத்து எழுதினாலும் அதே அனுபவம் கிடைக்கும்.

சின்ன வாசல் ஒன்றும் உண்டு. மத்திய அரசின் இன்னொரு தேர்வாணையமான எஸ்.எஸ்.சி. நடத்தும் பட்டதாரி நிலைத் தேர்வு வழியாக வெளியுறவு அமைச்சகத்தில் உதவிப் பிரிவு அலுவலராகச் சேரலாம். அவர்களுக்கும் வெளிநாட்டுத் தூதரகப் பணி உண்டு. பதவி உயர்வில் மேலே வருவதற்கும் வழி இருக்கிறது, ஆனால் தூதர் நிலையை எட்டுவதற்குள் ஓய்வு வயதான 60 நெருங்கிவிடும். தூதரக வேலை பிடிக்கும், தூதர் பட்டம்தான் வேண்டும் என்றில்லை என்பவர்களுக்கு இது நல்ல வேலை.

2. சான்றிதழ்களை ஓராண்டு முன்பே சரிசெய்யுங்கள்

நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். காரணம் இனிஷியல்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் “எஸ். கவிதா”. பட்டத்தில் “கவிதா எஸ்”. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதச் சொன்னதால் “கவிதா சுப்ரமணியன்”. ஆதாரில் அப்பா பெயரின் எழுத்துக்கூட்டல் வேறு. தமிழ்நாட்டுக்குள் இருக்கும்வரை யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மத்திய அரசுத் தேர்விலோ பெயரும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடிதான் எடுத்துக்கொள்ளப்படும். பிறந்த தேதிக்கு ஜாதகமோ, நோட்டரி பிரமாணப் பத்திரமோ செல்லாது.

ஆகவே இந்த வரிசையில் செய்யுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழை மேசைமேல் வைத்து, மற்ற எல்லாத் தாளையும் ஒவ்வொரு எழுத்தாக அதோடு ஒப்பிடுங்கள். முதலில் ஆதாரைத் திருத்துங்கள், அதுதான் சீக்கிரம் முடியும். அடுத்துப் பல்கலைக்கழகம், பட்டச் சான்றிதழில் திருத்தத்துக்கு மாதக்கணக்கில் ஆகலாம். பெயரையே மாற்றியிருந்தால் அரசிதழில் வெளியான பக்கம் கையில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் கடைசியில்.

அடுத்தது சாதிச் சான்றிதழ். தமிழ்நாடு அரசு தரும் பி.சி., எம்.பி.சி. சான்றிதழை மத்தியத் தேர்வில் ஓ.பி.சி. சான்றாக ஏற்க மாட்டார்கள். மத்திய அரசின் படிவத்தில், வசதி படைத்தோர் அடுக்கான கிரீமி லேயரில் வரவில்லை என்ற வாசகத்தோடு, ஓ.பி.சி. சான்றிதழ் என்றே தனியாக வாங்க வேண்டும். அதற்கு முன் உங்கள் சாதி தமிழ்நாட்டுக்கான மத்தியப் பட்டியலில் இருக்கிறதா, எந்தப் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். மாநிலப் பட்டியலில் இருப்பதெல்லாம் அதே எழுத்தில் அங்கேயும் இருக்கும் என்று எண்ணாதீர்கள்.

வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். இது பெற்றோரின் வருமானம். உங்கள் சம்பளம் கணக்கில் வராது. பெற்றோர் அரசு ஊழியர் என்றால் அவர்களுடைய சம்பளமும், விவசாய வருமானமும் இந்த 8 லட்சத்தில் சேராது. அவர்கள் எந்தத் தரப் பதவியில் எப்படிச் சேர்ந்தார்கள் என்பதுதான் பார்க்கப்படும். வட்டாட்சியர் அலுவலகத்திலேயே சிலர் சம்பளத்தையும் கூட்டி “வரம்பு தாண்டிவிட்டது” என்று திருப்பி அனுப்புவார்கள். மத்தியப் பணியாளர் துறையின் ஆணை நகலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பொதுத்துறை நிறுவனம், தனியார் வேலை என்றால் கணக்கு வேறு. விதியை முழுதாகப் படித்த பிறகே விண்ணப்பியுங்கள்.

சான்றிதழ் எந்தத் தேதிக்கும் எந்தத் தேதிக்கும் இடையில் வாங்கியதாக இருக்க வேண்டும் என்று ஒவ்வோர் ஆண்டும் அறிவிக்கையில் சொல்லியிருக்கும். விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு மறுநாள் கையெழுத்தான சான்றிதழ், எவ்வளவு நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும், பயன்படாது. இ-சேவையில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று கைமாறித்தான் மேலே போகும். அறிவிக்கை வழக்கமாக ஜனவரி இறுதியிலோ பிப்ரவரியிலோ வரும், விண்ணப்பிக்க மூன்று வாரம் போல நேரம் தருவார்கள். அறிவிக்கை வந்தபின் சான்றிதழுக்கு ஓடினால் மூச்சு வாங்கும்.

3. தேர்வில் வெளியுறவுப் பணிக்காரர் கவனிக்க வேண்டியவை

பாடத்திட்டம் எங்கும் கிடைக்கும். இங்கே முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

முதல்நிலைத் தேர்வு மே இறுதி அல்லது ஜூனில் வரும். பொது அறிவுத் தாளில் 100 கேள்வி, 200 மதிப்பெண். திறனறித் தாளில் 80 கேள்வி. அதில் 33 விழுக்காடு எடுத்தால் போதும். ஆனால் அந்த 33 கிடைக்காவிட்டால் முதல் தாளில் எவ்வளவு எடுத்தாலும் பயனில்லை. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போகும். முதன்மைத் தேர்வு ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் வரும். எழுத்துத் தேர்வுக்கு 1750, நேர்முகத்துக்கு 275, ஆக 2025 மதிப்பெண்ணுக்குத் தரவரிசை.

முதன்மைத் தேர்வில் இந்திய மொழித் தாள் ஒன்று உண்டு, அதில் தமிழை எடுக்கலாம். 300-க்கு 75 எடுத்தால் போதும், தரவரிசையில் சேராது. அந்த 75 கிடைக்காவிட்டால் மற்ற எல்லாத் தாளும் வீண். சி.பி.எஸ்.இ. பள்ளியில் இந்தியும் பிரெஞ்சும் படித்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் இங்கே தடுக்கி விழுகிறார்கள். பேசுவது வேறு, கையால் கட்டுரை எழுதுவது வேறு. ஆறு மாதம் வாரத்துக்கு ஒரு கட்டுரை, ஒரு சுருக்கி வரைதல், ஒரு மொழிபெயர்ப்பு எழுதிப் பழகினால் தாண்டிவிடலாம்.

முதன்மைத் தேர்வில் கட்டுரை, பொது அறிவு, விருப்பப் பாடத் தாள்களைத் தமிழிலேயே எழுதலாம், நேர்முகத்துக்கும் தமிழைக் கேட்கலாம். ஆனால் இலக்கியத் தாள் தவிர்த்து வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும். கேள்வியை ஆங்கிலத்தில் உள்வாங்கித் தமிழில் எழுதும் வேகம் தனியாகப் பழக வேண்டியது. பொது அறிவுத் தாள்களைத் தமிழில் எழுதுபவர் விருப்பப் பாடத்தை மட்டும் ஆங்கிலத்தில் எழுதவும் விதி இடம் தருகிறது. இது பலருக்குத் தெரிவதில்லை.

அரசியல் அறிவியல் பாடத்தை எடுத்தால்தான் வெளியுறவுப் பணி கிடைக்கும் என்பது பொய். எந்தப் பணி என்பதைத் தரவரிசையும் விருப்ப வரிசையும் தீர்மானிக்கும். உங்களுக்கு மதிப்பெண் தரும் பாடம் எதுவோ அதை எடுங்கள்.

4. செலவு

முதல்நிலைத் தேர்வுக் கட்டணம் 100 ரூபாய். பெண்களுக்கும், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கும் அதுவும் இல்லை. பணம் கரைவது பயிற்சி மையக் கட்டணத்திலும் விடுதியிலும். அதற்கு முன் இரண்டு வாய்ப்புகளைப் பாருங்கள். சென்னையில் தமிழ்நாடு அரசே நடத்தும் அகில இந்தியக் குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையம் ஒன்று. நான் முதல்வன் திட்ட ஊக்கத்தொகை இன்னொன்று. அதில் தனித் தேர்வு வைத்து 1000 பேருக்கு மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் தருகிறார்கள். முதல்நிலையில் தேறினால் 25,000 ரூபாய் தனி. இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு உண்டு, அறிவிப்பு சத்தமில்லாமல் வந்து போய்விடும். தேதியைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

5. பணி விருப்ப வரிசை: திரும்பப் பெற முடியாத கையெழுத்து

எந்தப் பணி முதலில் வேண்டும், எது அடுத்து என்று ஒரு பட்டியல் கேட்பார்கள். அதில் நீங்கள் எழுதாத பணி உங்களுக்கு வராது, எழுதிக் கொடுத்த வரிசையைப் பின்னால் மாற்றவும் முடியாது. இணைய மையத்தில் உட்கார்ந்து அவசரமாக நிரப்பும் தாளல்ல இது.

இடங்கள் குறைவு. 2022 தேர்வில் வெளியுறவுப் பணிக்கு 38 பேர், 2023-ல் 37, 2024-ல் 55. அதே ஆண்டுகளில் ஐ.ஏ.எஸ்.ஸுக்குத் தலா 180. “ஐ.ஏ.எஸ். முதலில், ஐ.எஃப்.எஸ். இரண்டாவது, கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் மறுபடி எழுதிக்கொள்ளலாம்” என்று பலர் போடுகிறார்கள். ஐ.ஏ.எஸ். அல்லது ஐ.எஃப்.எஸ். பணியில் சேர்ந்து அதில் தொடர்பவர் இந்தத் தேர்வை மறுபடி எழுத முடியாது என்பது விதி. போலீஸ் பணியையோ வருவாய்ப் பணியையோ போல நினைத்து வெளியுறவுப் பணியில் காலை வைத்தால் கதவு பின்னால் சாத்திக்கொள்ளும். மனமில்லாமல் இரண்டாமிடத்தில் போட்டு, வாழ்நாள் முழுக்கக் கலெக்டர் நாற்காலியை நினைத்து ஏங்குவதைவிட, பட்டியலில் கீழே தள்ளிவிடுவது உங்களுக்கும் நாட்டுக்கும் நல்லது.

கையெழுத்துப் போடுமுன் வீட்டில் பேச வேண்டியவை இவை. ஐ.ஏ.எஸ்.ஸில் போல ஒரு மாநிலத்துக்கென்று ஒதுக்க மாட்டார்கள். பாதிக்கு மேல் வெளிநாடு, மிச்சம் டெல்லி. தமிழ்நாட்டுக்குள் இந்தப் பணிக்காரர்களுக்கு இருக்கும் இருக்கைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மூன்றாண்டுக்கு ஒரு முறை நாடு மாறும். தூதரகத்தில் உங்களுக்குக் கிடைக்கும் சலுகைகளில் வயதான பெற்றோரைப் பல நாடுகள் குடும்பமாகக் கணக்கில் எடுப்பதில்லை. வெளிநாட்டவரை மணப்பதானால் முன்கூட்டியே அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும்.

6. டெல்லி: நேர்முகமும் மருத்துவமும்

நேர்முகம் பெரும்பாலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை, ஷாஜகான் சாலையில் உள்ள தோல்பூர் ஹவுஸில். மூலச் சான்றிதழ்கள் அத்தனையும் வாசலிலேயே சரிபார்க்கப்படும். இரண்டாம் படியில் சொன்ன வேலை இங்கேதான் பலன் தரும். நேர்முகத்துக்கு மறுநாள் தொடங்கி மருத்துவப் பரிசோதனை வைப்பார்கள். அன்று மாலையே திரும்பும் டிக்கெட் எடுத்துவிட்டு வந்து தவிப்பது ஆண்டுதோறும் நடக்கிறது. குறைந்தது மூன்று நாள் தங்கும்படி வாருங்கள். பயணப்படி தருவார்கள், ரயில் இரண்டாம் வகுப்புக் கட்டண அளவுக்குத்தான். விமானத்தில் வந்தாலும் அவ்வளவே. டிக்கெட்டைத் தொலைக்காதீர்கள்.

பின்னால் காவல்துறைச் சரிபார்ப்பு வரும். கல்லூரிப் போராட்டத்தில் போட்ட சின்ன வழக்கானாலும் படிவத்தில் எழுதுங்கள். வழக்கு இருப்பதைவிட அதை மறைத்ததே பலருக்குப் பணியைக் கெடுத்திருக்கிறது.

7. பயிற்சியும் மொழியும்

முசோரியில் அடிப்படைப் பயிற்சி, பிறகு டெல்லியில் சுஷ்மா ஸ்வராஜ் வெளியுறவுப் பணி நிறுவனம், அமைச்சகத்தில் மேசை வேலை. விண்ணப்பித்த நாளிலிருந்து முசோரி போய்ச் சேர ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஆகும். தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய், படிகள் தனி.

இந்தக் காலத்தில் உங்களுக்கு ஒரு வெளிநாட்டு மொழி ஒதுக்குவார்கள். கேட்டது கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அமைச்சகத்தின் தேவையும் தரவரிசையும் சேர்ந்து முடிவாகும். ரஷ்ய மொழி என்றால் மாஸ்கோ, அரபு என்றால் கெய்ரோ, சீனம் என்றால் பெய்ஜிங் என்று அந்த மொழி வழங்கும் ஊருக்கு மூன்றாம் செயலாளராக அனுப்புவார்கள். மொழித் தேர்வில் தேறினால்தான் பணி உறுதியாகும். அரபு, சீனம், ஜப்பானியம் போன்றவை இரண்டாண்டுவரை இழுக்கும்.

மொழியைப் பாடமாக மட்டும் படிப்பவர் தேர்வில் தேறிவிட்டு இரண்டே ஆண்டில் மறந்துவிடுவார். அந்த ஊர்க் குடும்பத்தோடு தங்குவது, இந்திய நண்பர்களோடு மட்டும் மாலையைக் கழிக்காமல் இருப்பது, உள்ளூர் நாளிதழைத் தினமும் ஒரு பக்கமாவது வாய்விட்டுப் படிப்பது, இவை செய்தால் தங்கும். பின்னாளில் அந்தப் பகுதி நாடுகளுக்கு அனுப்பும்போது முதலில் பார்க்கப்படும் தகுதி இதுதான்.

8. வெளிநாட்டுப் பணியில் பணமும் குடும்பமும்

மூன்றாம் செயலாளர், இரண்டாம் செயலாளர், முதல் செயலாளர், கவுன்சிலர், அமைச்சர் நிலை, அதன்பின் தூதர். அங்கே “அமைச்சர்” என்பது தூதரகத்தில் ஒரு படிநிலை. அரசியல் அமைச்சர் அல்ல. இடையிடையே டெல்லியில் சார்புச் செயலாளர், துணைச் செயலாளர், இயக்குநர், இணைச் செயலாளர். காமன்வெல்த் நாடுகளில் தூதருக்கு உயர் ஆணையர் என்று பெயர், வேலை ஒன்றே.

சம்பளத்தோடு அந்த நாட்டு விலைவாசிக்கேற்ப வெளிநாட்டுப் படி உண்டு. வீடு அரசுடையது அல்லது அரசு வாடகைக்கு எடுத்தது. பிள்ளைகள் இருவர்வரை படிப்புச் செலவுக்கு உதவி உண்டு. வெளிநாட்டுப் படிக்கு இந்திய வருமான வரி இல்லை, ஆனால் சம்பளத்துக்கு உண்டு. “வெளிநாட்டில் இருக்கிறேன், வரி தாக்கல் வேண்டாம்” என்று விட்டுவிட்டால் பின்னால் நோட்டீஸ் வரும்.

மூன்று பொறிகளைச் சொல்லியாக வேண்டும்.

கணவன் அல்லது மனைவியின் வேலை: தூதரக விசாவில் வந்தவர் அங்கே சம்பளத்துக்கு வேலை செய்ய இரு நாட்டு ஒப்பந்தம் வேண்டும், நம் அமைச்சகத்தின் அனுமதியும் வேண்டும். வீட்டிலிருந்தே இந்திய நிறுவனத்துக்கு வேலை செய்வதானாலும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பிள்ளைகளின் பள்ளி: நம் பள்ளி ஆண்டு ஏப்ரல், ஜூனில் தொடங்கும், பல நாடுகளில் ஆகஸ்ட், செப்டம்பர். மாற்றல் ஆணை இவற்றைப் பார்த்து வராது. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு இடையில் மாட்டினால் எந்தப் பாடத்திட்டம் உலகெங்கும் தொடரும் என்று ஆறாம் வகுப்பிலேயே முடிவெடுங்கள்.

வீட்டுப் பணியாளர்: இந்தியாவிலிருந்து அழைத்துப்போனாலும் அந்த நாட்டின் குறைந்தபட்ச ஊதியம், வேலை நேரம், ஒப்பந்த விதிகள் பொருந்தும். விசாவுக்கு ஒரு சம்பளம், கையில் ஒரு சம்பளம் என்பது குற்ற வழக்காகும். துணைத் தூதரகத்தில் பணிபுரிபவருக்குச் சட்டப் பாதுகாப்பு அலுவல் சார்ந்த செயல்களுக்கு மட்டுமே. தூதரக அதிகாரிக்கு உள்ளதுபோல முழுதாக இல்லை.

9. தூதர் நியமனம்: வாயைத் திறக்கக் கூடாத வாரங்கள்

உங்கள் பெயரை அரசு முடிவு செய்ததும், போகவிருக்கும் நாட்டிடம் ஒப்புதல் கேட்கும். தூதரக உறவுகளுக்கான 1961-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 4-வது பிரிவுப்படி அந்த ஒப்புதல் இல்லாமல் தூதரை அனுப்ப முடியாது. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலும் மறுப்பு என்று சொல்லவும் மாட்டார்கள், பதிலே வராது. சில வாரம் முதல் சில மாதம்வரை ஆகலாம். இந்த இடைவெளியில் உறவினருக்குச் சொல்வது, வாழ்த்து வாங்குவது, அந்த நாட்டைப் பற்றிச் சமூக ஊடகத்தில் எழுதுவது, எதுவும் கூடாது. ஒப்புதல் வந்தபின் வெளியுறவு அமைச்சகம் செய்திக் குறிப்பு வெளியிடும். அதன்பின் ஊருக்குச் சொல்லுங்கள்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட நியமனப் பத்திரம், முன்னிருந்த தூதரைத் திரும்ப அழைக்கும் கடிதம், இரண்டின் நகல்கள், தேவையெனில் மொழிபெயர்ப்பு, குடும்பத்தினரின் தூதரகப் பாஸ்போர்ட்டும் விசாவும். நியமனப் பத்திரம் போகும் நாட்டுத் தலைவரின் பெயரும் பட்டமும் போட்டு எழுதப்படுவது. அதை வாங்கியதும் அந்தப் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள். நீங்கள் சமர்ப்பிக்கும் முன் அங்கே நாட்டுத் தலைவர் மாறிவிட்டால் புதிதாக எழுதி வாங்க வேண்டிவரும்.

போய் இறங்கியதும் அந்த நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் மரபொழுங்குத் துறைத் தலைவரைச் சந்தித்து நகலைக் கொடுங்கள். மூலப் பத்திரத்தை நாட்டுத் தலைவரிடம் கொடுக்கும் சடங்குக்கு நாள் குறிப்பார்கள். சில தலைநகரங்களில் நாலைந்து தூதர்கள் சேரும்வரை காத்திருந்து ஒரே நாளில் வைப்பார்கள். எந்தக் கட்டத்தில் பதவியேற்றதாகக் கருதுவது என்பது அந்த நாட்டின் வழக்கம். நகலைக் கொடுத்த கட்டம், மூலத்தைக் கொடுத்த கட்டம் என்ற இரண்டு முறையையும் அதே உடன்படிக்கையின் 13-வது பிரிவு ஏற்கிறது. அதுவரை யாரைச் சந்திக்கலாம், பேட்டி தரலாமா என்று மரபொழுங்குத் துறையிடமே கேளுங்கள். தூதர்களுக்குள் முன்பின் வரிசை பொறுப்பேற்ற நாளையும் நேரத்தையும் பொறுத்தது. நாட்டின் பெருமையைப் பொறுத்ததல்ல. விருந்தில் சின்ன நாட்டுத் தூதர் உங்களுக்கு முன்னால் நடந்தால் அதுதான் முறை.

ஒரே தூதருக்குப் பல நாடுகள் சேர்ந்து வருவதுண்டு. ஃபிஜியில் இருக்கும் நம் உயர் ஆணையர் டோங்கா, துவாலு போன்ற தீவு நாடுகளுக்கும் சேர்த்துப் பொறுப்பு. ஒவ்வொரு நாட்டுக்கும் தனி ஒப்புதல், தனிப் பத்திரம், தனிப் பயணம். இந்தப் பயணங்களை முதலாண்டிலேயே முடிக்காவிட்டால் பாதிப் பதவிக்காலம் பத்திரம் கொடுக்காமலே ஓடிவிடும்.

10. தூதரின் நாற்காலியில்

பேச்சுவார்த்தையும் விருந்தும் வெளியே தெரிபவை. உள்ளே தூதர் ஓர் அலுவலகத் தலைவர். வந்த முதல் வாரத்தில் ரொக்கம், பொருள் பட்டியல், வாடகை ஒப்பந்தங்கள் முடியும் தேதி, உள்ளூர் ஊழியர் ஒப்பந்தங்கள், நிலுவைத் தணிக்கைக் குறிப்புகள் ஆகியவற்றை நேரில் பாருங்கள். கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்றபின் காணாமல்போன நாற்காலிக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

சட்டப் பாதுகாப்பு உங்களுடையது அல்ல, நாட்டுடையது. அதை விட்டுக்கொடுக்கும் உரிமையும் அரசுக்குத்தான், உங்களுக்கல்ல. அந்த நாட்டுச் சட்டத்தை மதிக்க வேண்டும், உள்நாட்டு அரசியலில் தலையிடக் கூடாது, சொந்த லாபத்துக்குத் தொழில் செய்யக் கூடாது. அந்த நாடு காரணம் சொல்லாமலேயே உங்களைத் திருப்பி அனுப்பலாம்.

ஆனால் ஒரு தூதரகத்தின் தரம் தெரிவது அங்கே இறந்துபோகும் ஒரு தொழிலாளியின் உடல் எத்தனை நாளில் ஊர் போகிறது என்பதில்தான். தமிழ்நாட்டிலிருந்து வளைகுடாவுக்கு எத்தனை பேர் போகிறார்கள் என்று தெரிந்த எவரும் இதைச் சின்ன வேலை என்று சொல்ல மாட்டார். தேவைப்படும் தாள்கள்: உள்ளூர் இறப்புச் சான்றிதழ், காவல்துறை அனுமதி, குடும்பத்தினர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம், ரத்து செய்த பாஸ்போர்ட், உடல் பதப்படுத்திய சான்று, தூதரகத்தின் தடையில்லாச் சான்று. இயற்கை மரணமானால் சீக்கிரம் நகரும். விபத்து, தற்கொலை, சந்தேகம் என்றால் விசாரணை முடியும்வரை உடல் வராது. அதைக் குடும்பத்துக்கு முதல் நாளே மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

தாமதம் பெரும்பாலும் சம்மதக் கடிதத்தில் நேரும். பாஸ்போர்ட்டில் உள்ள மனைவி பெயரும் ஊரில் கையெழுத்திட்டவர் பெயரும் ஒத்துப்போகாது. மறுபடியும் இனிஷியல்தான். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வழியாகவோ, தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத் துறை வழியாகவோ உறுதிப்படுத்தி வாங்குவதே வேகமான வழி. அனுப்பும் செலவை முதலாளி ஏற்க வேண்டும். அவர் மறுத்தாலோ, காணாமல் போனாலோ இந்தியச் சமுதாய நல நிதியிலிருந்து தூதரகமே கொடுக்கலாம். பணம் யார் தருவது என்ற சண்டையில் உடலைப் பிணவறையில் காத்திருக்க வைக்கத் தேவையில்லை. “எல்லாப் பாக்கியும் தீர்ந்தது” என்று எழுதிய தாளில் குடும்பம் கையெழுத்துப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சம்பளப் பாக்கியையும் காப்பீட்டையும் வாங்கத் தூதரகத்துக்கு அதிகாரப் பத்திரம் எழுதித் தரச் சொல்லுங்கள்.

சிறையில் இருப்பவர் விஷயத்தில் உங்களால் முடியாததையும் சொல்லிவிட வேண்டும். கைதானவரைச் சந்திக்கலாம், வக்கீல் ஏற்பாடு செய்யலாம், விசாரணை முறையாக நடக்கிறதா என்று பார்க்கலாம். தூதர் ஒரு போன் போட்டால் விட்டுவிடுவார்கள் என்பது சினிமா. இலங்கையில் பிடிபடும் நம் மீனவர்களைக் கொழும்பு உயர் ஆணையமும் யாழ்ப்பாணத் துணைத் தூதரகமும் சிறையில் போய்ப் பார்ப்பது இந்த முறைப்படிதான். பாஸ்போர்ட் இல்லாதவருக்குக் குடியுரிமையை உறுதிப்படுத்தி ஒருவழிப் பயண ஆவணமாக அவசரச் சான்றிதழ் தருவார்கள். படகு எண்ணும் ஆதார் நகலும் கரையில் குடும்பத்திடம் இருந்தால் அந்த உறுதிப்படுத்தல் சீக்கிரம் முடியும்.

11. கிளம்பும்போது

ஆணை வந்த நாளே மூன்று பட்டியல் போடுங்கள்: ஒப்படைக்க வேண்டியவை, கட்ட வேண்டிய பில்கள், திருப்பித் தர வேண்டிய அடையாள அட்டைகள். சுங்க வரியின்றி வாங்கிய காரை அந்த நாடு சொல்லும் காலக்கெடுவுக்குள் விற்றால் வரி கட்ட வேண்டும். வாங்குபவரும் தூதரகத்தவர் என்றால் பல நாடுகளில் விலக்கு உண்டு. இதற்கான அனுமதிக்கே வாரக்கணக்கில் ஆகும். உங்களுக்குப் பின் வருபவர் பத்திரம் கொடுக்கும்வரை யார் இடைக்காலப் பொறுப்பு என்பதை எழுத்துமூலம் அந்த நாட்டு வெளியுறவு அமைச்சகத்துக்குத் தெரிவித்துவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும். சலுகைகள் நீங்கள் நாட்டைவிட்டு வெளியேறும் தருணத்தில் முடிகின்றன. பிள்ளையின் பள்ளிக்காகக் குடும்பம் பின்தங்கினால் அவர்களுடைய விசாவை அதற்குமுன் மாற்றியாக வேண்டும்.